கட்டிலைப் பாரு தம்பி

வா மாப்ள, உக்காரு. டிராக்டர் கடனுக்கு ஜாமீன் பாரம்தானே? கொண்டா இப்பிடி. திண்ணையில வெச்சு, மேல வெத்தலைப் பெட்டியையும் வெச்சாச்சு, காத்துல பறக்காது. கையெழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது. முட்டிவலிக்காரன் நானும் ஓடிப்போக மாட்டேன். அத்தை காப்பி போடுறா, குடி. அதுக்குள்ள உக்ரைன்காரத் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். நேத்து பாதிப் பேச்சுல விட்டது.

எந்தத் தம்பியா? செலன்ஸ்கி. அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியும். 2022-ல சன்பிளவர் எண்ணெய் விலை எகிறுச்சே, ஞாபகம் இருக்கா? உன் அத்தை எண்ணெய்ச் சட்டியைக் கவுத்து வெச்சுட்டு, "எவன் வீட்டுச் சண்டைக்கு நம்ம வீட்டு வடை நிக்குது?"னு கேட்டா. அப்பத்தான் பேத்தி சொல்லுச்சு, நம்ம நாட்டுக்கு வந்துக்கிட்டிருந்த சன்பிளவர் எண்ணெய்ல பெரும்பங்கு அந்த ஊர்ச் சரக்குதான்னு. அன்னைல இருந்து தினம் காலையில அது பேப்பரையும் போனையும் வாசிச்சுக் காட்டும், நான் புத்தி சொல்லுவேன். புத்தி சொல்றதுக்கு இன்னும் வரி போடல.

தம்பி செலன்ஸ்கி, கேட்டுக்கப்பா. நீ நாடகத்துல ஜனாதிபதி வேஷம் கட்டி, அப்புறம் நிஜமாவே ஜனாதிபதி ஆனவன். அதைக் கேட்டு வெள்ளைக்காரன் வாயைப் பிளந்தான். நாங்க பிளக்கல. சினிமாவுல கோட்டையைப் பிடிச்சவங்க நிஜக் கோட்டையையும் பிடிச்சதை நாங்க பல தடவை பாத்தாச்சு. அதனால உன்கிட்ட எனக்கு ஒரு ஒட்டுதல். ஒட்டுதல் இருக்கறவன்தான் கேலி பண்ணுவான், கோவிச்சுக்காத.

உனக்கு எவனெவனோ பாதுகாப்பு உத்தரவாதம் தர்றானாம். நல்லது. ஆனா உத்தரவாதம் உங்க ஊருக்குப் புதுசா என்ன? 1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். அப்போ நீ பதினாறு வயசுப் பய, உனக்கு எங்க இதெல்லாம் தெரிஞ்சிருக்கப் போகுது. சோவியத் கூட்டுக் குடும்பம் உடைஞ்சு பாகம் பிரிஞ்சப்போ உங்க வீட்டுப் பங்குக்குள்ள ஒரு சாமான் தங்கிப்போச்சு. சுமார் 1,900 அணுகுண்டுத் தலை, கண்டம் தாண்டுற ஏவுகணை 176. உலகத்துலயே மூணாவது பெரிய ஆயுதக் கொட்டாரம். மூத்த பங்காளி ரஷ்யாவுக்கு உறுத்துச்சு. ஊர்ப் பெரியதனக்காரன் அமெரிக்காவுக்கும் உறுத்துச்சு. "தம்பி, இது உனக்கு எதுக்கு? குடுத்துரு. உன் எல்லைக்கல்லை எவனும் தொடமாட்டான், நாங்க பொறுப்பு"ன்னு காகிதம் எழுதி கிளின்டன், எல்ட்சின், ஜான் மேஜர் மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. உங்க குச்மாவும் போட்டார்.

குடுத்தது தப்புன்னு நான் சொல்ல வரல. குண்டு உங்க வீட்டுல, அதை வெடிக்க வைக்கிற சாவி மாஸ்கோவுல. சாவி இல்லாத பெட்டிக்குக் காவல் இருக்கவே சொத்து கரைஞ்சிடும். உங்க கஜானாவும் அப்போ காலி. போதாக்குறைக்குச் செர்னோபிள் வெடிச்சு எட்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அணுன்னாலே அடிவயிறு கலங்குற நேரம். குடுத்ததுக்குப் பதிலா அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் வந்துச்சு, அமெரிக்கா கொஞ்சம் பணமும் தந்துச்சு. சரிதான்.

ஆனா காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களா? அங்கதான் சூட்சுமம். உங்க மொழியிலயும் ரஷ்ய மொழியிலயும் "உத்தரவாதம்"னு இருக்கு. இங்கிலீஷ்ல அந்த வார்த்தை இல்ல. ஒரு படி கீழ இறங்கி "உறுதி சொல்றோம்"னு இருக்கு. ஏன்னா "உத்தரவாதம்"னு எழுதினா பட்டாளத்தோட வந்து நிக்கணும்னு ஆயிடும். அமெரிக்கா அந்த வார்த்தையை வேணும்னேதான் தள்ளி வெச்சுது. எங்க பக்கத்துல ஜாமீன் போடறதுக்கும் "நான் சொன்னதாச் சொல்லு"ங்கறதுக்கும் இருக்கிற வித்தியாசம் அது. ஜாமீன் போட்டவன் வீட்டு வாசல்ல பைனான்ஸ்காரன் வந்து நிப்பான். "நான் சொன்னதாச் சொல்லு"ன்னவன் அன்னைக்குப் பாத்து வெளியூர் போயிருப்பான்.

மாப்ள, காப்பி வந்துடுச்சு பாரு. சக்கரை கம்மியா? எனக்கே அவ்வளவுதான் போடறா.

எங்க விட்டேன்? ஆங், சரத்து. உங்க மேல எவனாவது பாஞ்சா என்ன செய்வாங்களாம்? அணு ஆயுதத்தோட பாஞ்சா, ஐ.நா. பாதுகாப்பு சபையில போய்ச் சொல்லி உதவி தேடுவாங்களாம். டாங்கியோட பாஞ்சா? அதுக்கு ஆறாவது சரத்து: கூடிப் பேசுவோம். அவ்வளவுதான் தம்பி. களவு போனா கூடிப் பேசுவோம்னு ஊர்க் காவல்காரன் சொன்னா அவனுக்கு நீ படியளப்பியா?

இருந்தும் கடைசிக் குண்டுத் தலை 1996 ஜூன் 1-ம் தேதியோட ரஷ்யாவுக்குப் போயாச்சு. அதுக்கு மூணு நாள் கழிச்சு பெர்வோமைஸ்க் ஏவுகணைக் களத்துல ஒரு விழா. அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி வில்லியம் பெரி, ரஷ்ய மந்திரி கிராச்சேவ், உங்க மந்திரி ஷ்மரோவ், மூணு பேரும் ஏவுகணை நின்ன மண்ணைக் கொத்தி சூரியகாந்தி நட்டாங்க. பேத்தி போன்ல அந்தப் படத்தைக் காட்டுச்சு. கோட்டு சூட்டு போட்ட சம்சாரிங்க. நான் படத்தைப் பெருசாக்கச் சொல்லிப் பாத்தேன். விதைக்க வந்தவங்க நிறைய, வேலி அடைக்க வந்தவன் ஒருத்தன்கூட இல்ல.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. 1999-ல ரஷ்யாகிட்ட வாங்கின எரிவாயு பாக்கிக்கு ஈடா எட்டு டியூ-160, மூணு டியூ-95 குண்டுவீச்சு விமானம், கூடவே ஐந்நூத்துச் சொச்சம் ஏவுகணை, எல்லாத்தையும் ஏத்தி அனுப்பினீங்க. அடுப்பு பாக்கிக்கு அருவாளை அடகு வெச்ச கதை. அந்தச் சாதி ஏவுகணை, உங்க பட்டறையில இருந்து போனதே, திரும்பி வந்து உங்க ஊர் மேல விழுந்திருக்குன்னு 2022 கடைசியில உங்க உளவுத்துறைக்காரங்களே சொன்னாங்க. இந்த இடத்துல எனக்குக் கேலி வரல தம்பி. வெத்தலை மெல்றதை நிறுத்திட்டேன்.

அப்புறம் 2014. அடையாளம் இல்லாத பச்சைச் சட்டைக்காரங்க கிரிமியாவுல இறங்கினாங்க. "யாருப்பா நீங்க?"ன்னா பதில் இல்ல. ஆறாவது சரத்தை எடுத்தீங்க. மார்ச் 5, பாரீஸ்ல அமெரிக்கா, பிரிட்டன், உங்க மந்திரி மூணு பேரும் கூடிப் பேசினாங்க. ரஷ்ய மந்திரி லாவ்ரோவும் அன்னைக்கு அதே பாரீஸ்லதான் இருந்தார். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் வரல. ஆட்டைத் திருடினவன் பஞ்சாயத்துக்கு வரல, பக்கத்துத் தெருவுல விருந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான்னு வெச்சுக்க.

2022 பிப்ரவரியில அதுக்கும் ஒரு படி மேல. நியூயார்க்ல பாதுகாப்பு சபை அவசரமா ராத்திரிக் கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டிருக்கும்போதே படை கிளம்பிடுச்சு. அந்த மாசம் தலைவர் நாற்காலியில இருந்தது யாரு? ரஷ்யாவோட தூதர். ரெண்டு நாள் கழிச்சுத் தீர்மானம் கொண்டு வந்தா அதை ரத்து பண்ற அதிகாரமும் அவர்கிட்டயே. நாட்டாமையே கன்னக்கோலோட வந்து உக்காந்தா, பிராதை எவன்கிட்ட குடுக்க?

படை கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஜெர்மனி உங்களுக்கு 5,000 ஹெல்மெட் அனுப்பறதாச் சொல்லுச்சு. உங்க கீவ் மேயர் கிளிட்ச்கோ, பழைய குத்துச்சண்டைக்காரர், அடுத்து தலகாணி அனுப்புவீங்களான்னு கேட்டார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுப் போச்சு.

நியாயத்தையும் சொல்லணும்ல. பிற்பாடு மேற்கே இருந்து குடுக்காம இல்ல. நிறையக் குடுத்தாங்க, இதே ஜெர்மனியும் அள்ளித்தான் குடுத்துச்சு. ஆனா குடுத்த தினுசைப் பாரு. டாங்கி கேட்டா "அது கூடாது", அப்புறம் "பாக்கலாம்", அப்புறம் 2023 ஜனவரியில "சரி". எஃப்-16 போர் விமானம் கேட்டா அதே பாட்டு. வந்து சேர்ந்தது 2024 ஆகஸ்ட். பத்து மணி முகூர்த்தத்துக்கு மூணு மணிக்கு மொய்யோட வர்ற பெரிய மனுஷன் மாதிரி. மொய் கனமாத்தான் இருக்கும். தாலி கட்டினப்போ ஆள் இல்ல.

மாப்ள, நீ ஏன் பாரத்தையே பாக்கற? அது அங்கயேதான் இருக்கு. ஒரு சொந்தக் கதை சொல்றேன் கேளு. உன் தாத்தா காலத்துல நம்ம கடலைக் காட்டுல பன்னி விழும். ஒரு ராத்திரியில அரை ஏக்கரை உழுதுட்டுப் போயிடும். பக்கத்துக் காட்டுக்காரங்க நாலு பேரு, நாலு பேரும் சொந்தக்காரங்க, "சத்தம் குடு, ஓடி வந்துர்றோம்"னாங்க. ஒரு ராத்திரி பன்னி வந்துச்சு. சத்தம் குடுத்தேன். மூணு பேரு விடிஞ்சப்புறம் வந்து "அடப்பாவமே, எவ்வளவு காடு போச்சு"ன்னு அங்கலாய்ச்சாங்க. நாலாவது ஆளு மட்டும் நான் கத்தறதுக்கு முன்னாடியே கம்போட நின்னான். என் மேல அவனுக்குத் தனிப் பாசமெல்லாம் கிடையாது. என்கூடப் பேச்சுவார்த்தையே பாதி நாள் இருக்காது. அவன் கயித்துக் கட்டிலை எங்க ரெண்டு பேரு காட்டுக்கும் நடு வரப்புல போட்டுப் படுத்திருந்தான். பன்னி என் காட்டுக்குப் போகணும்னா அவன் கட்டிலைத் தாண்டித்தான் போகணும். அவ்வளவுதான் விஷயம்.

அன்னைல இருந்து எவன் உறுதி சொன்னாலும் நான் வாயைப் பாக்கறதில்ல. அவன் கட்டில் எங்க கிடக்குன்னு பாப்பேன்.

தம்பி செலன்ஸ்கி, இதை உலகத்துக்கு வெச்சுப் பாரு. 1953-ல கொரியாச் சண்டை முடியப்போகுது. தென்கொரியாவுல சிங்மன் ரீன்னு ஒரு கிழவர், வயசு 78. அமெரிக்காக்காரன் "போர்நிறுத்தம் பண்ணிக்கறோம், நீயும் கையெழுத்துப் போடு"ங்கறான். கிழவர் மாட்டேன்னுட்டார். அதோட விடல. ஜூன் 18, கைதி முகாம் கதவைத் திறந்து சுமார் 27,000 வடகொரியக் கைதிகளை வெளிய விட்டுட்டார். பேச்சுவார்த்தையே கவுந்துடும் போல ஆச்சு. அமெரிக்காவுக்குப் பல்லு நறநறன்னுச்சு. இந்தக் கிழவரைச் சமாதானப்படுத்தணுமேன்னு பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. 1953 அக்டோபர் 1 கையெழுத்து. நல்ல மனுஷர்னு நான் சொல்லல, உள்ளூர்ல அவர் பண்ணின அட்டகாசம் தனிக் கதை. பேரம் பேசத் தெரிஞ்ச மனுஷர்.

அந்த ஒப்பந்தத்தைப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொன்னேன். "அவரவர் நாட்டுச் சட்ட முறைப்படி" ஆபத்தைச் சந்திப்போம்னு இருக்கு. இதுவும் வழவழா கொழகொழாதான்! அப்போ எது எழுபது வருஷமாப் பிடிச்சு நிறுத்துச்சு? வடக்கே இருந்து சியோலுக்கு வர்ற வழியிலயே அமெரிக்கச் சிப்பாய் கட்டிலைப் போட்டுப் படுத்தான். வடகொரியாக்காரன் சியோலைத் தொடணும்னா முதல்ல அமெரிக்காக்காரன் கால்ல இடறணும். இன்னைக்கும் 28,500 பேரு அளவுக்கு அந்த நாட்டுல இருக்காங்க. காகிதம் அதே கொழகொழா, கட்டில் மட்டும் தேக்கு.

வியட்நாமைப் பாரு. 1973 ஜனவரியில பாரீஸ்ல சமாதானம். தென்வியட்நாம் தலைவர் தியூவுக்கு நிக்சன் ரகசியமா லெட்டர் மேல லெட்டர். வடக்கே இருந்து மீறி வந்தா பலமாத் திருப்பி அடிப்போம்னு அழுத்தம் திருத்தமா வாக்கு. ஒப்பந்தத்துலகூட இல்லாத அளவுக்குக் காரமான வார்த்தை. ஆனா மார்ச் கடைசியிலயே கட்டிலை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் நிக்சனும் பதவியில இல்ல, செலவழிக்க அவங்க பாராளுமன்றத்துக்கும் மனசில்ல. 1975 ஏப்ரல் 30, சைகோன் விழுந்துச்சு. தியூகிட்ட மிஞ்சினது லெட்டர்தான்.

இன்னும் பழசு வேணுமா? 1938-ல மூனிக். செக்கோஸ்லோவாக்கியாக்காரனை வெளிய உக்கார வெச்சுட்டு அவன் காட்டை இட்லருக்கு அளந்து குடுத்தாங்க. "மிச்சக் காட்டுக்கு நாங்க உத்தரவாதம்"னு பிரிட்டனும் பிரான்சும் சொல்லிச்சு. ஆறு மாசத்துல இட்லர் பிராகாவுக்குள்ள வந்துட்டான். அதுக்கு முந்தின நாள் ஸ்லோவாக்கியா பிரிஞ்சு போயிருந்துச்சு. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் பாராளுமன்றத்துல எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? நாங்க எல்லைக்குப் பொறுப்பு ஏத்த நாடே உள்ளுக்குள்ள உடைஞ்சு இல்லாமப் போச்சு, அதனால அந்தப் பொறுப்பு எங்களைக் கட்டாதுங்கற மாதிரி. கடன் வாங்கினவன் செத்துட்டான், அதனால ஜாமீனும் செத்துப்போச்சுன்னு சொல்ற கெட்டிக்காரத்தனம். அதைக் கேட்டப்போ நான் எழுந்து நின்னு ஒரு கும்பிடு போட்டேன்.

இப்போ உன் வீட்டுக்கு வருவோம். 2008-ல புக்காரெஸ்ட்ல நேட்டோ கூடுச்சு. உக்ரைனும் ஜார்ஜியாவும் "உறுப்பினர் ஆவாங்க"ன்னு எழுதினாங்க. எப்போ? அது எழுதல. ஜெர்மனியும் பிரான்சும் வழி காட்டவே ஒத்துக்கல. பொண்ணைப் பாத்தாச்சு, பிடிச்சிருக்கு, பூவும் வெச்சாச்சு, தேதி மட்டும் கேக்காதீங்கன்னா என்ன அர்த்தம்? நாலு மாசத்துல ஜார்ஜியாவுக்குள்ள ரஷ்ய டாங்கி. 2023-ல வில்னியஸ்ல திரும்பக் கூடி, எல்லாரும் ஒத்துக்கிட்டா, நிபந்தனையெல்லாம் நிறைவேறினா அழைப்போம்னாங்க. பதினஞ்சு வருஷமா பூ வாடாம இருக்கு, பிளாஸ்டிக் பூ போல.

நேட்டோவோட அஞ்சாவது சரத்துன்னு எல்லாரும் சாமி மாதிரிச் சொல்றாங்களே, அதுலயும் ஒருத்தனை அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரி, ஆனா ஒவ்வொருத்தனும் தனக்கு அவசியம்னு படற உதவியைச் செய்வான்னுதான் இருக்கு. எனக்கு அவசியம்னு படறது ஒரு சொம்புத் தண்ணியா இருந்தா? சாமிக்கே இந்தக் கதி. இப்போ உனக்குத் தர்றதாச் சொல்றது அந்தச் சரத்தும் இல்ல. "அஞ்சாவது சரத்து மாதிரி". மாதிரிங்கற வார்த்தையைக் கேட்டா எனக்கு வயித்தைக் கலக்கும். நெய் மாதிரி ஒண்ணை ஊத்தி மைசூர்பா பண்ணின கல்யாணத்துக்கு நான் போயிருக்கேன்.

2024-ல காகிதம் கொட்டோகொட்டுன்னு கொட்டுச்சு. ஜனவரியில பிரிட்டன், பிப்ரவரியில ஜெர்மனி, பிரான்ஸ், ஜூன்ல அமெரிக்கா, அப்படியே இருபதுக்கு மேல. அமெரிக்காவும் பிரிட்டனும் என்ன சொல்லுது? மறுபடி தாக்கினா 24 மணி நேரத்துக்குள்ள கூடிப் பேசுவோம். முன்னேற்றம்தான்! 1994-ல நேரமே குறிக்கல. 2025 ஜனவரியில பிரிட்டன் உன்கூட நூறு வருஷக் கூட்டாளி ஒப்பந்தம் போட்டுச்சு. நூறு வருஷம் நல்லா இருங்க. ஆனா ராக்கெட்டு கீவுக்கு வர்றது நிமிஷக் கணக்குல.

பிப்ரவரி 28-ல வாஷிங்டன் போனே. உத்தரவாதம் கேக்கப் போனவன்கிட்ட "கோட்டு எங்க?"ன்னு ஒரு பத்திரிகைக்காரன் கேட்டான். டிரம்ப் அண்ணாச்சி "உன் கையில சீட்டே இல்ல"ன்னார். நன்றி சொல்லலைன்னு துணை ஜனாதிபதி வேற. வீடு எரியுதுன்னு தண்ணி கேக்கப் போனவன்கிட்ட செருப்பை ஏன் வாசல்ல விடலைன்னா? அதுக்கப்புறம் ஆயுதமும் உளவுச் செய்தியும் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுட்டுத் திரும்ப விட்டாங்க. அப்போ புரிஞ்சிருக்கும் உனக்கு, வாளி உன் கையில, கயிறு எவன் கையிலன்னு. ஆகஸ்ட்ல திரும்பப் போனப்போ கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வாய்க்கு வாய் நன்றி சொன்னே. நான் குறை சொல்லல. கயிறு அடுத்தவன் கையில இருக்கறப்போ நானும் கும்பிடு போட்டிருக்கேன்.

நடுவுல ஏப்ரல் 30-ல கனிமத்துக்கு ஒப்பந்தம். எங்க ஆளு வந்து உங்க மண்ணைத் தோண்டறான்ல, அதுவே பாதுகாப்புங்கற மாதிரி அமெரிக்கா பேசுச்சு. இதுல ஒரு புத்தி இருக்கு, இல்லைங்கல. லாபம் இருக்கற இடத்துக்குக் கட்டில் வரும். ஆனா கேணியில பங்கு வெச்சிருக்கறவன் கேணியைக் காப்பான். வீட்டைக் காப்பானான்னு காகிதத்துல தேடிப் பாத்தேன், அந்த வரி இல்ல.

இப்போ பிரான்சும் பிரிட்டனும் முன்ன நின்னு "விருப்பமுள்ளவங்க கூட்டணி"ன்னு ஒண்ணு. பேரே நல்லாருக்கு, விருப்பம் போயிட்டா கூட்டணியும் போயிடும்ல? 2025 செப்டம்பர் 4-ல பாரீஸ்ல கூடி, 26 நாடு ஆளு அனுப்பவோ தரையில, கடல்ல, ஆகாசத்துல துணை நிக்கவோ தயார்னு பிரான்ஸ் ஜனாதிபதி மக்ரோன் சொன்னார். கட்டில் வருதுடான்னு நான் நிமிர்ந்து உக்காந்தேன். எப்போ வருமாம்? போர் நின்னப்புறம். மறுநாளே புடின் விளாடிவோஸ்டாக்ல இருந்து சொன்னார், வெளிநாட்டுப் பட்டாளம் எவன் வந்தாலும் அடிப்போம்னு.

இதை மெதுவா யோசி தம்பி. சண்டை நின்னாத்தான் காவல்காரன் வருவான். காவல்காரன் வரப்போறான்னு தெரிஞ்சா சண்டைக்காரன் நிறுத்த மாட்டான். அப்போ காவல்காரன் வர்ற தேதியை முடிவு பண்றது யாரு? கள்ளன். பன்னி போனப்புறம் கட்டில் போடறேன்னா, பன்னி ஏன்டா போகும்? 2022-ல இஸ்தான்புல்ல பேசினப்போவும் இதே வித்தை. உனக்கு உத்தரவாதம் தர்ற நாடுங்க பட்டியல்ல ரஷ்யாவும் உண்டு. அந்த நாடுங்க எல்லாம் ஒத்துக்கிட்டாத்தான் உதவிக்கு வரலாம்னு ரஷ்யா ஒரு வரி சேர்க்கப் பாத்துச்சு. கள்ளனைப் பிடிக்கக் கள்ளன் கையெழுத்து.

நீ கேப்பே, "பெருசு, எல்லாத்தையும் நொட்டை சொல்றியே, வழி என்ன?"ன்னு. சொல்றேன். குடுக்கற காகிதத்தை வேணாம்னு சொல்லாத, வாங்கி மடிச்சு வெச்சுக்க. கோர்ட்டுக்கு ஆகலைன்னாலும் வெட்கப்படுத்த ஆகும். கூடவே ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரே கேள்வி கேளு: "அண்ணே, கட்டில் எங்க போடப்போறீங்க?" லிவிவ்லயா, கீவ்லயா, இல்ல பாரீஸ்லயே படுத்துக்கிட்டு சத்தம் கேட்டா வர்றீங்களா? பேச்சு நீண்டா மூணாவது வேலைக்குப் போ: உன் கம்பை நீயே சீவு. ஐரோப்பிய ஆணையத் தலைவி உர்சுலா அம்மா, உக்ரைனை எஃகு முள்ளம்பன்னியா ஆக்கணும்னு சொல்லியிருக்காங்க. எங்க காட்டுல முள்ளம்பன்னி உண்டு. அதுக்கு யாரும் ஜாமீன் போட்டு நான் பாத்ததில்ல. நாய் ஒரு தடவை மூக்கை வெக்கும், அடுத்த தடவை தூரமா நின்னு குரைக்கும்.

நீ அதைப் பண்ணாமலும் இல்ல. 2025 ஜூன் 1. லாரியில மரக்கூண்டு, கூண்டுக்குக் கூரை, கூரைக்குள்ள டிரோன். சைபீரியா வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, கூரையைத் திறந்து 117 டிரோனை விட்டீங்கன்னு நீயே கணக்குச் சொன்னே. நின்ன இடத்துலயே குண்டுவீச்சு விமானங்க எரிஞ்சுது. ஒரு காலத்துல பாக்கிக்குக் குடுத்தீங்களே, அந்தச் சாதி டியூ-95. பேத்தி தேதியைப் பாத்துட்டு, "தாத்தா, கடைசிக் குண்டுத் தலையைக் குடுத்து முடிச்சதும் ஜூன் 1 தான்"னுச்சு. இருபத்தொம்பது வருஷம். ஒரே தேதி. அடகு வெச்ச அருவாளைத் திருப்ப முடியல. எடுத்தவன் வீட்டுக் கொல்லையிலயே முறிச்சாச்சு. அன்னைக்கு ஒரு வெத்தலை கூடுதலாப் போட்டேன்.

ஆனா தம்பி, முள்ளம்பன்னியும் தூங்கணும், குட்டி போடணும், கிழங்கு தோண்டணும். தனியா எவ்வளவு நாள் முள்ளை விரிச்சுக்கிட்டு நிக்கும்? அதனாலதான் கட்டில் வேணும்ங்கறேன். மேற்கே இருக்கறவங்களைத் திட்டவும் எனக்கு வாய் வரல. எதிரிகிட்ட அணுகுண்டு இருக்கு, அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அடுத்தவன் சண்டையில சாகறதுக்கு எவனும் சும்மா கையெழுத்துப் போட மாட்டான். நானே போட மாட்டேன்.

அட, என்ன மாப்ள எழுந்துட்டே? பைனான்ஸ் ஆபீஸ் மூடிருவானா? பேசிக்கிட்டே நேரம் போனது தெரியல பாரு. கொண்டா பேனாவை. கண்ணாடி இல்லாமலே போடுவேன், எத்தனை பாரம் பாத்த கை இது! இந்தா. போயிட்டு வா. வண்டி வந்ததும் முதல்ல கோயில்ல பூஜை போடு. நான் இருக்கேன்ல, கவலையே படாத!

போயிட்டானா? தெருமுனை தாண்டிட்டானா?

ஏன் தாயி அப்படிப் பாக்கற? ஆமா, "சாட்சி"ன்னு இருந்த கோட்டுலதான் போட்டேன். "ஜாமீன்தார்" கோடு காலியாத்தான் இருக்கு. மெதுவாப் பேசு, அத்தைக்காரிக்குக் கேட்டுடப் போகுது. என்னது? புடாபெஸ்ட் தாத்தாவா? சரி, சொல்லிட்டுப் போ. வயசான காலத்துல ஒரு பட்டம் இருக்கட்டும்.

அவனை நான் கைவிட்டுடலடி. அந்த டிராக்டர் ராத்திரியில நம்ம களத்துல நிக்கட்டும், முதல் உழவு நம்ம காட்டுல ஓட்டட்டும். அப்புறம் கடனைக் கட்டலைன்னா நட்டம் எனக்கும்தானே, தூக்கம் வருமா எனக்கு? அதைத்தான் அவன் கேக்கணும். ஒரு மணி நேரமா வேற என்னத்தைச் சொன்னேன்? அவன் காதுல விழுந்துச்சோ என்னவோ, பாரத்தையே பாத்துக்கிட்டிருந்தான். பாத்தானே தவிர வாசிக்கல.

போற வழியில வாசிச்சுட்டு, கோபத்தோட திரும்பி வந்தான்னு வெச்சுக்க, அப்போ நிஜமாவே ஜாமீன் போட்டுருவேன். கையெழுத்து எந்தக் கோட்டுல விழுந்திருக்குன்னு பாக்கத் தெரிஞ்சவன் கடனையும் கட்டிருவான்.